பெண், 44, வைண்டிங் பிரிவு

பிப்ரவரி 6, செவ்வாய்

என் ஆய்வு வழிகாட்டி ஞானசுந்தரம் சார் இன்று புது உத்தரவு போட்டார். களப்பணி முடியும்வரை நாட்குறிப்பு எழுத வேண்டும். ஆய்வு செய்பவரின் மனநிலை ஆய்வு முடிவைப் பாதிக்குமாம், அதனால் அதையும் பதிவு செய்ய வேண்டுமாம். ஆறு வருடமாக என் மனநிலையை ஒருவரும் விசாரித்ததில்லை. இப்போது அதற்கென்று ஒரு நோட்டே வாங்கியாகிவிட்டது. இருநூறு பக்கம், கட்டம் போட்டது. கோடு போட்டது கடையில் தீர்ந்துவிட்டது.

முறைப்படி ஆரம்பிக்கிறேன். பெயர் செண்பகவல்லி. வயது முப்பத்து மூன்று. சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம், இருப்பு கோயம்புத்தூர். உளவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளர். தலைப்பு, பணியிடத்தில் தொழிலாளர் மௌனம். வேலை செய்யும் இடத்தில் தப்பு நடப்பது தெரிந்தும் ஆட்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதுதான் விஷயம். அக்டோபர் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. சாரும் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். நான்தான் அவருடைய கடைசி மாணவி. இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிக் காட்டிவிடுகிறார்.

ஐந்து கம்பெனிகள் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. ஆறாவதாகக் கணபதி பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனி சம்மதித்திருக்கிறது. முதலில் ஒரு கேள்வித்தாள், பிறகு நான்கு சனிக்கிழமை பயிற்சி, பிறகு அதே கேள்வித்தாள் மறுபடியும். நடுவில் கம்பெனிக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் அவர்கள் எனக்கு ஒரு நிறைவுச் சான்று தருவார்கள். அது இல்லாமல் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை வாங்காது.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பம் இந்த வருசம் டாக்டர்னு பத்திரிகையில போட்டுறலாம்லா?" என்றாள். எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, புதன்

முதல் நாள். எச்.ஆர். மேலாளர் கிருபாகரன் சுற்றிக் காட்டினார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். வழியில் கிடந்த நட்டு ஒன்றைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தார்.

வைண்டிங் பிரிவில் இருபத்திரண்டு பெண்கள். மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் செப்புக் கம்பியைக் கையால் இழுத்து இழுத்து நிரப்புகிற வேலை. எல்லோரும் விரல் நுனியில் பிளாஸ்திரி சுற்றியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் சிவசாமியின் மேசைக்கு மேலே ஆணியில் சிவப்புக் கயிறு கோத்த அட்டை ஒன்று தொங்குகிறது. கழிப்பறைக்குப் போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்தவர் எழலாம். இருபத்திரண்டு பேருக்கும் அந்த ஒரு அட்டைதான்.

"ஒரு டிசிப்ளினுக்குத்தான் மேடம்" என்றார் கிருபாகரன்.

குறிப்பேட்டில் 'நேர மேலாண்மை நடைமுறை' என்று எழுதிக்கொண்டேன். எங்கள் துறையில் எதற்கும் ஒரு மரியாதையான பெயர் இருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று பன்னிரண்டு பேர் முடிந்தது. கேன்டீனில் கடைசி மேசை எனக்கு. ஒவ்வொருவரிடமும் ஒரே பல்லவி. "உங்க பேர் எங்கேயும் வராது. யார் சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது." மூன்று தடவை சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். ஒரு தடவை சொன்னால் நம்புவதில்லை.

கேள்வித்தாளின் கடைசிக் கேள்வி, மேலாளரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன. பெரும்பாலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதுகிறார்கள். ஒருத்தி 'நன்றி' என்று எழுதியிருந்தாள்.

பன்னிரண்டாவதாக வந்தவர் துளசிமணி அக்கா. பதினாறு வருடமாக வைண்டிங்கில் இருக்கிறார். கூடவே தோழி மரகதம். இருவருக்கும் ஒரே டிபன் டப்பா, மேல் தட்டு ஒருவருடையது, கீழ்த்தட்டு மற்றவருடையது. துளசிக்காவின் விரலில் பிளாஸ்திரி பருமனாக இருந்ததால் பேனா பிடிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"அட்டை ஒண்ணுதானுங்க. டார்கெட் கொறைஞ்ச அன்னிக்கு சிவசாமி அதை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்குவாப்ல. போய்க் கேக்கோணும். கேட்டா அத்தனை பேர்த்து முன்னாடியும் 'இப்பத்தானே போனே'ம்பாப்ல. நானு காத்தால வீட்டுல காப்பி குடிக்கறதோட செரி. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியற வரைக்கும் தண்ணி குடிக்கறதில்லீங்க. மூணு தடவை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டாச்சு. போன மாசம் அந்தப் புதுப் புள்ள ஒண்ணு சேலையிலயே..."

நிறுத்திவிட்டார். "அதை எழுதாதீங்க கண்ணு. அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆகோணும்" என்றார். நான் எழுதவில்லை.

"இதையெல்லாம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டேன்.

"எம்பட வீட்டுக்காரருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸுங்க. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சா நேரா ஊட்டுக்குப் போயி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். எம்பட இ.எஸ்.ஐ. கார்டுலதான் அவருக்கு உசிரு ஓடுது. நானு எதுக்குங்க வாயைத் தொறக்கறேன்?"

மரகதம் பொரியலை அவர் பக்கம் தள்ளி, "பேசுனது போதும், தின்னு" என்றார்.

இந்த ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் இது. திரும்பும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 4, திங்கள்

நூற்று எண்பத்தாறு தாள்கள் கணினியில் ஏற்றியாயிற்று. கண் எரிகிறது. துவைக்கவேண்டிய துணி ஒரு வாரமாக வாளியில் கிடக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

அறிக்கையைச் சாரிடம் காட்டினேன். அட்டவணைகளை வேகமாகப் புரட்டினார். மேற்கோள் பக்கத்தில் நின்றார்.

"யார் சொன்னது இது?"

"பேர் போடக்கூடாதே சார்."

"பேர் வேண்டாம்மா. மேற்கோளுக்குக் கீழே அடைப்புக்குறிக்குள்ள ஆளோட விவரம் போடணும். ஆணா பெண்ணா, வயசு, பிரிவு, எத்தனை வருஷ சர்வீஸ். அது இல்லேன்னா நீயே ரூம்ல உக்காந்து எழுதினதுன்னு சொல்லிடுவாங்க. எந்தப் பத்திரிகையை வேணா எடுத்துப் பாரு, அப்படித்தான் இருக்கும்."

உண்மைதான். எல்லா ஆய்விலும் அப்படித்தான் இருக்கிறது. நானும் நூறு கட்டுரையாவது அப்படிப் படித்திருப்பேன். எல்லா மேற்கோளுக்கும் விவரம் சேர்த்தேன். துளசிக்காவுடையதற்குக் கீழே 'பெண், 44, வைண்டிங் பிரிவு, 16 ஆண்டுப் பணி' என்று போட்டேன். பார்க்க மிகவும் நன்றாக இருந்தது. ஒரு நிஜமான ஆய்வின் களை வந்துவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

அறிக்கையைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். துணி துவைத்தேன்.

மார்ச் 20, புதன்

கிருபாகரன் கூப்பிட்டிருந்தார். அறிக்கையை அச்செடுத்து வைத்திருந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். இந்த நம்பரெல்லாம் எனக்குப் புரியலை. இந்தப் பேச்சு புரியுது." துளசிக்காவின் மேற்கோளை வாய்விட்டுப் படித்தார். பிறகு அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் படித்தார். மெதுவாக. பென்சிலால் அதன் அடியில் ஒரு கோடு போட்டார்.

"சிவசாமி மேல இப்படி ஒரு புகார் இருக்கறதே எங்களுக்குத் தெரியாது. இதுக்குத்தான் உங்களை மாதிரி ஆள் வேணுங்கறது. இன்னொரு அட்டை போட்டுருவோம்."

டீ வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. பயிற்சிக்கு எந்த அறை, ஒலிபெருக்கி உண்டா, சான்றிதழில் யார் கையெழுத்து என்று மற்றதையெல்லாம் பேசி முடித்தோம். இன்னொரு அட்டை வருகிறது என்பது பெரிய விஷயம். ஆய்வு முடிவதற்குள்ளேயே ஒரு மாற்றம். சாருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவருக்கும் மகிழ்ச்சி.

வைண்டிங்கில் நாற்பத்து நான்கு வயதுக்காரர் எத்தனை பேர் என்று கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

மார்ச் 21, வியாழன்

தலைவலி. எதுவும் செய்யவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

பயிற்சி அறிவிப்பை ஒட்டப் போனேன். ஆணியில் இரண்டு அட்டைகள், பழைய சிவப்பும் புது மஞ்சளும். துளசிக்காவின் இடத்தில் வேறொரு பெண் இருந்தாள்.

"அக்காவைச் சூலூர் தாண்டி ரெண்டாவது யூனிட்டுக்கு மாத்திட்டாங்க" என்றாள். "அங்க ஜெனரல் ஷிப்டு. சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் விடுவாங்க."

கிருபாகரனிடம் போகிறபோக்கில் கேட்டேன். வழக்கமான இடமாற்றம், அனுபவசாலிகள் அங்கே தேவைப்படுகிறார்கள் என்றார். இருக்கலாம். கம்பெனிகளில் ஆட்களை மாற்றுவது சகஜம்.

ஏப்ரல் 3, புதன்

பார்த்தேன். வைண்டிங்கில் நாற்பத்து நான்கு வயதில் ஒருவர்தான்.

ஏப்ரல் 13, சனி

இரண்டாவது பயிற்சி வகுப்பு. தலைப்பு 'மனம் திறந்து பேசுவோம்'. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் மேலாளராகவும் மற்றவர் தொழிலாளியாகவும் நடிக்க வேண்டும். மேலாளராக நடித்தவர்கள் பிரமாதமாகச் செய்தார்கள். தொழிலாளியாக நடிக்கச் சொன்னால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அது நடிக்கறது கஷ்டமுங்க மேடம்" என்று ஒருத்தி சொன்னதும் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வகுப்பு முடிந்து கழிப்பறையில் போய் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மே 4, சனி

கடைசி வகுப்பு. சமோசா, ஃபோட்டோ. முடிந்ததும் மரகதம் காத்திருந்தார். துளசிக்காவை மாற்றிய மறுவாரம் இவரை லைன் லீடர் ஆக்கிவிட்டார்கள். அதில் அவருக்கே கூச்சம்தான்.

"துளசி வேலையை உட்டுட்டாளுங்க. ரெண்டு வாரம் சூலூருக்கு ஓடிப் பார்த்தா. டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போக ஆளில்லை. பாதியில கெளம்பி வந்தா முழு நாள் லீவுன்னு போட்டாங்க. அப்புறம் போகலைங்க."

"நீங்க பார்த்தீங்களா அவங்களை?"

"போனனுங்க. கதவைச் சாத்திட்டா. பதினாறு வருசம் ஒரே டப்பாவுல தின்னோமுங்க. நானு என்ன பண்ணுனேன்னே தெரியலை. நீங்க ஒருக்கா கேட்டுச் சொல்றீங்களா மேடம்? நீங்க சொன்னா கேப்பா."

கேட்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது.

மே 19, ஞாயிறு

சின்னவேடம்பட்டியில் துளசிக்கா வீடு. வரிசை வீடுகளில் நான்காவது. ஹார்லிக்ஸ் வாங்கிப் போனேன். பஸ்ஸில் போகும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். 'அக்கா, தப்பு என் மேலதான். அறிக்கையில உங்க வயசையும் வருஷத்தையும் நான்தான் எழுதினேன்.' பத்தே வார்த்தை. விரல்விட்டு எண்ணினேன். கணபதி தாண்டும்போது மனப்பாடமாகிவிட்டது.

அவர் கணவர் ரங்கசாமி கட்டிலில் படுத்திருந்தார். ஊசி போட்டுப் போட்டுக் கையில் நரம்பு புடைத்திருந்தது. "வாங்க" என்றார், அதற்கே மூச்சு வாங்கியது. துளசிக்கா டீ போட்டார்.

"கார்டு இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடுமாமுங்க. அதுக்குள்ள வேற கம்பெனியில சேர்ந்துட்டாச் செரி. கேட்டுட்டுத்தான் இருக்கேன். இந்த வயசுல வைண்டிங்குக்கு எடுக்க மாட்டேங்கறாங்க."

நான் வாயைத் திறந்தேன். திறந்தது நிஜம். அவர் முந்திக்கொண்டார்.

"எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தனுங்க. அந்த டேபிள்ல மூணு பேருதான். நீங்க, நானு, அவ. நீங்க படிச்சவங்க. பேர் வராதுன்னு மூணு தடவை சொன்னீங்க. அப்ப யாருங்க? அவளுக்கு இப்ப லைன் லீடரு."

"மரகதம் அப்படிப் பண்ணுவாங்களா அக்கா?"

"பண்ண மாட்டான்னுதான் நானும் ஒரு மாசம் சொல்லிட்டு இருந்தேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். டீ ஆறிக்கொண்டிருந்தது, அதைக் குடித்தேன். ரங்கசாமி அண்ணன் தண்ணீர் கேட்டார். அளந்து கால் டம்ளர் கொடுத்தார் துளசிக்கா. நான் எழுந்துகொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு என்மேல் வந்த அருவருப்பை இங்கே எழுதிவைக்கிறேன். மனநிலையைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறாரே சார்.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டாவது சுற்றுக் கேள்வித்தாள். வைண்டிங்கில் இருபத்தோரு பேரும் எல்லாக் கேள்விக்கும் ஐந்து போட்டிருக்கிறார்கள். ஐந்து என்றால் முழுச் சம்மதம். 'என் கருத்தைத் தயங்காமல் சொல்ல முடிகிறது', ஐந்து. 'சொன்னால் நிர்வாகம் காது கொடுக்கும்', ஐந்து.

"படிச்சுப் பார்த்துப் போடுங்க" என்றேன் மரகதத்திடம்.

"எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்குங்க. படிச்சா மட்டும் மாறப்போகுதுங்களா?"

"அட்டை ரெண்டாயிருச்சே, இப்ப பரவாயில்லையா?"

"மஞ்சள் அட்டை எடுத்தா நோட்டுல பேரும் டைமும் எழுதோணுமுங்க. அதனால சிவப்பைத்தான் எடுப்போம். அதுவும் சிவசாமி பாக்கெட்டுல இருந்தா ஒண்ணும் இல்லை." குரலைத் தாழ்த்தினார். "துளசிகிட்டக் கேட்டீங்களா?"

"பார்க்க முடியலை" என்றேன்.

ஜூன் 13, வியாழன்

சாரிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். இரண்டாவது சுற்று முடிவுகளைப் பார்த்து அவர் குதூகலமாக இருந்த நேரம் அது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்த்ததில்லையாம்.

நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரை எழுதினியா?"

"இல்லை சார்."

"அப்புறம் என்ன?"

"அந்த வயசுல, அந்தப் பிரிவுல ஒருத்தர்தான் சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "நெறிமுறைக் குழுவுக்கு எழுதலாம். அதுதான் முறை. எழுதினா இந்தக் கம்பெனி டேட்டா மொத்தத்தையும் எடுக்கச் சொல்வாங்க. உங்கிட்ட வேற டேட்டா இல்லை. அக்டோபருக்குள்ள வேற கம்பெனி கிடைக்காது. ஆறு வருஷம் போச்சு. என் பேரும் அதுல இருக்கும்" என்றார். "அந்தம்மாவுக்கு வேலை திரும்பி வந்துருமா, அதை யோசி. உன் இஷ்டம்மா. நான் தடுக்க மாட்டேன்."

அவர் தடுத்திருக்கலாம். அல்லது எழுது என்று அதட்டியிருக்கலாம். இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் பழியை அவர்மேல் போட்டிருப்பேன். என்னிடமே விட்டுவிட்டார்.

ஜூன் 14, வெள்ளி

எழுதவில்லை.

ஜூன் 17, திங்கள்

எழுதவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

துளசிக்கா ஃபோன் செய்தார். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாராம். அட்டையைப் பற்றிச் சொன்னதற்காகத்தான் மாற்றினார்கள் என்று.

"அதிகாரி நல்லவருங்க. நீ சொன்னது அவங்களுக்குத் தெரியும்கறதுக்கு என்னம்மா ஆதாரம்னு கேக்கறாரு. மரகதத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டா வரமாட்டா. நீங்க ஒரு கடுதாசி குடுத்தீங்கன்னாப் போதும். இந்தம்மா சொன்னதை நான் எழுதினேன், அது கம்பெனிக்குப் போச்சுன்னு. ரெண்டே வரி."

தருகிறேன் என்றேன். சொன்னபோது நிஜமாகவே கொடுக்கத்தான் நினைத்தேன். கணினியில் தட்டச்சும் செய்தேன். 'உயர்திரு அதிகாரி அவர்களுக்கு' என்று ஆரம்பித்து ஒன்பது வரி வந்தது. கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் 'புதிது' என்று சேமித்துவைத்திருக்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

கிருபாகரன் கூப்பிட்டார். என் நிறைவுச் சான்று மேசைமேல் தயாராக இருந்தது. முத்திரையும் கையெழுத்தும் போட்டாயிற்று. அதன் பக்கத்தில் இன்னொரு தாள்.

"அந்தம்மா மனு போட்டிருக்காங்க, தெரியுமில்ல? உங்க ரிப்போர்ட்டைக் காரணம் சொல்றாங்க. உங்களுக்கும் கெட்ட பேர், எங்களுக்கும் கெட்ட பேர். ஒரு சின்ன கையெழுத்து மேடம்."

தாளில் ஒரே வாக்கியம். 'ஆய்வின் எந்தக் கட்டத்திலும் எந்தப் பங்கேற்பாளரையும் அடையாளம் காணத்தக்க விவரம் நிர்வாகத்துக்குத் தரப்படவில்லை.'

"இதை யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் மேடம். அனுமதி கேட்டு நீங்க கொடுத்த விண்ணப்பத்துல இருந்த வாக்கியம். 'தரப்பட மாட்டாது'ன்னு இருந்தது. அதை மட்டும் மாத்தினேன்."

"நீங்க அந்த அடைப்புக்குறியைப் பார்த்துத்தானே அவங்களை மாத்தினீங்க?"

ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. களைப்பாகத்தான் பார்த்தார். "எனக்கும் மேல ஆள் இருக்காங்க மேடம். யாருன்னு கேட்டாங்க. பார்த்தாலே தெரியுதே, நான் எப்படித் தெரியாதுங்கறது? எனக்கும் ரெண்டு குழந்தைங்க."

நிறைவுச் சான்றின் ஓரத்தில் அவருடைய விரல் இருந்தது. அவர் அதை இழுக்கவுமில்லை, தள்ளவுமில்லை.

ஜூலை 17, புதன்

நேற்று கையெழுத்துப் போட்டேன். நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

துளசிக்காவிடமிருந்து இந்த வாரம் ஏழு அழைப்புகள். ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறேன். மூன்றாவது அத்தியாயத்தில் இருநூற்றுச் சொச்சம் பிழைகள் திருத்தினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சார் அடிக்குறிப்பு ஒன்று கேட்டார். முதல் சுற்றில் நூற்று எண்பத்தாறு பேர், இரண்டாவதில் நூற்று எண்பத்து நான்கு. மீதி இருவர் எங்கே என்று தேர்வாளர் கேட்பார் அல்லவா. ஒருவர் பிரசவ விடுப்பு. அவருடன் சேர்த்து, 'இருவர் தனிப்பட்ட காரணங்களால் விலகினர்' என்று போட்டேன். சார் படித்தார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

செப்டம்பர் 18, புதன்

ஆய்வேடு கொடுத்தாயிற்று. ஐந்து பிரதி, கறுப்பு ரெக்சின், பொன் எழுத்து. பணியிடத்தில் தொழிலாளர் மௌனம். கெடுவுக்கு நாற்பத்து மூன்று நாள் முன்னதாக. துறையில் எல்லோரும் கைகொடுத்தார்கள். அம்மா ஃபோனில் அழுதாள். நான் உணவுவிடுதிக்குப் போய் இரண்டு பரோட்டா வாங்கினேன், ஒன்றைத்தான் தின்ன முடிந்தது.

களப்பணி முடிந்துவிட்டது. இந்த நோட்டை இனி எழுதத் தேவையில்லை. சார் இதுவரை இதைக் கேட்கவுமில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

துளசிக்கா துறைக்கே வந்துவிட்டார்.

பதினொரு மணி இருக்கும். நான் படியில் இறங்குகிறேன், கீழே வேப்பமரத்தடியில் நிற்கிறார். நீலச் சேலை, கையில் இ.எஸ்.ஐ. கோப்பு. இளைத்திருந்தார். திரும்பி ஏறிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், எல்லோர் முன்னாலும் திட்டட்டும், அதோடு இது முடியட்டும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஆறேழு படி இறங்குவதற்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

"மனு தள்ளுபடி ஆயிருச்சுங்க" என்றார். "போன வெள்ளிக்கிழமை."

"அக்கா..."

"கம்பெனிக்காரங்க ஒரு பேப்பர் குடுத்தாங்க. உங்க கையெழுத்துப் போட்டது. அதிகாரி எனக்குப் படிச்சுக் காட்டினாரு. ஆராய்ச்சி பண்ணினவங்க எதுவும் சொல்லலைன்னு அவங்களே எழுதியிருக்காங்க பாருன்னாரு. அப்ப அவங்களுக்குத் தெரிய வழியே இல்லையேம்மா, இது சாதாரண மாறுதல்தான்னு முடிச்சுட்டாரு."

நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது போகட்டுங்க. அதுக்கு வரலை நானு. கார்டும் இந்த மாசத்தோட செரி, அதையும் பார்த்துக்கலாம். நானு வந்தது வேற ஒண்ணுக்கு. ஃபோன்ல சொல்ற விசயமில்லை. நீங்களும் எடுக்கலை, பரீட்சை வேலையா இருந்திருப்பீங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கடுதாசி தரலை, ஃபோனும் எடுக்கலைங்கவும், எம் மனசு கெட்டுப்போச்சுங்க. இந்தம்மாதான் போய்ச் சொல்லியிருக்குமோன்னு நெனைச்சுட்டேன். ரெண்டு மாசமா நெனைச்சுட்டு இருந்தேன். வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். உங்களைச் சபிச்சுக்கூடப் பேசிட்டனுங்க."

"அக்கா, அது..."

"அந்தப் பேப்பரைக் கேட்டதுக்கு அப்புறந்தான் தெளிஞ்சுது. கவர்மெண்டுக்கு யாராவது பொய் எழுதிக் குடுப்பாங்களா? நீங்க சொல்லலை. அப்ப மரகதந்தான். நேத்து அவ பையன் கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தா. வாசல்லயே நிறுத்தி, மொகத்துக்கு நேரா கேட்டுட்டேன். அழுதா. சாமி மேல சத்தியம் பண்ணினா. போடின்னுட்டேன்."

மாணவர்கள் சிலர் எங்களைக் கடந்து போனார்கள். ஒருத்தி எனக்கு வணக்கம் வைத்தாள்.

"அக்கா, மரகதம் இல்லை" என்றேன். சொன்னேன். அது வாயிலிருந்து வந்தது.

"உங்களுக்கு நல்ல மனசுங்க" என்றார் துளசிக்கா. "அவளையும் உட்டுக்குடுக்க மாட்டேங்கறீங்க."

அடுத்த வாக்கியம் என்னிடம் இருந்தது. பத்து வார்த்தை, மே மாதமே மனப்பாடம் செய்தது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் பிளாஸ்திரி இல்லாமல் மெத்தென்று இருந்தன. ஆறு மாதமாக வேலை இல்லாத விரல்கள்.

"ஒண்ணும் தெரியாத புள்ளையைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க கண்ணு. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்பத்தான் எனக்கு இங்கிருந்து போக முடியும்."

இல்லை அக்கா, அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்றேன். அவர் கையை விடவில்லை. சொல்லுங்க, சொல்லுங்க என்றார். ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

சொன்னேன்.